பெருமாள் மலை ஏறும் முன் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள்

போன மார்கழியில் ஒருநாள், கொடைக்கானல் சாலையில் பெருமாள்மலை ஊருக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். எல்லோரும் ஸ்வெட்டர், மங்கி குல்லா, ஜீன்ஸ். கையைத் தேய்த்துக்கொண்டே மலையேறக் கிளம்பினார்கள். “ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வையுங்கப்பா” என்றேன். ஒருவன் மட்டும் கழற்றினான். “குளிருதுண்ணா, மேலே போய்ப் பார்த்துக்கலாம்” என்றார்கள் மற்றவர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

தண்ணீர் எடுத்துப் போங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை விடுகிறேன்.

வியர்வை

ஏறத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் உடம்பு சூடாகிவிடும். மரங்களுக்குள் காற்று இருக்காது. ஸ்வெட்டருக்குள் பனியன் நனைவது தெரியவே தெரியாது. மரம் முடிந்து புல்வெளியில் கால் வைத்ததும் காற்று முகத்தில் அறையும். அங்கேதான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரிப்பார்கள். நடை நின்றதும் உடம்பில் சூடு ஊறுவது குறைகிறது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரப் பனியன் அந்த வேலையைத்தான் செய்கிறது. இதற்கு உறைபனி தேவையில்லை. 10 டிகிரியும் கொஞ்சம் காற்றும் போதும்.

இருபது வருஷத்துக்கு முன் நாங்கள் ஏறிய அன்று, என் நண்பன் மேலே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். விரல்கள் மடங்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சற்று நேரம் கழித்துத்தான் திரும்பினான், பேச்சும் குழறியது. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து; இந்தத் தடுமாற்றம்தான் அதன் அறிகுறி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அவன் பனியனைக் கழற்றிப் பிழிந்தேன். துவைத்த துணி போலத் தண்ணீர் சொட்டியது. என் பையில் தற்செயலாக ஒரு காய்ந்த சட்டை இருந்தது. அதைப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இறக்கினோம். அந்தச் சட்டை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் இந்தத் தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

லேசாகக் குளிரும்போதே கிளம்புங்கள். வியர்க்கும் முன் நின்று ஓர் உடுப்பைக் குறையுங்கள். காய்ந்த பனியன் ஒன்றை பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். மேலே போனதும் போட்டோவுக்கு முன், சாப்பாட்டுக்கு முன், அதை மாற்றுங்கள். அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் மழைக்கோட்டு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் அன்று முழுக்கக் காயாது.

மதிய மேகம்

காலையில் வானம் நீலமாக இருப்பதை நம்பாதீர்கள். வெயில் ஏறினால் கீழ்க்காற்று சூடாகிச் சரிவு வழியே மேலே வரும். மதியத்துக்குள் உச்சி மூடிவிடும். இந்தப் பழனி மலைத்தொடரில் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் சேர்ந்துகொள்ளும். அடிவாரத்து வத்தலக்குண்டில் வியர்த்தது என்பதை வைத்து மேலே கணக்குப் போடக்கூடாது. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். பதினொரு மணிக்குள் உச்சி. எட்டாவிட்டாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். “இதோ தெரியுதே” என்று இழுக்காதீர்கள். டிசம்பரில் ஆறு மணிவாக்கில் சூரியன் போய்விடும், மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும்.

குறுக்குப் பாதை

மூட்டத்தில் காட்டுமாட்டுத் தடமும் ஒற்றையடிப் பாதையாகத்தான் தெரியும். அது சோலைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். பிளவுபட்ட குளம்படியும் சாணமும் மட்டும் கண்ணில் பட்டால், நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்புங்கள். மாடே எதிரில் நின்றால் கத்தாதீர்கள். விலகி நின்று வழிவிடுங்கள்.

போன் டார்ச்

போதாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். தனி டார்ச் எடுங்கள்.

அனுமதி

வனத்துறையிடம் கேட்காமல் ஏறாதீர்கள்.