டிகிரி கைக்கு வர்ற வரைக்கும் காணாம போகாம இருக்குறது எப்படி

காசு இல்ல, வீட்ல பிரச்சனை, ராத்திரி வேலை, இதுக்கு நடுவுல காலேஜ் படிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். தன்னம்பிக்கை டயலாக் எதுவும் இதுல இருக்காது, அத ஏற்கனவே ஊர்ல பாதிப்பேர் உங்களுக்கு ஓசில சொல்லிருப்பாங்க.

நான் பாத்த வரைக்கும் பாதியில நின்னவங்க யாரும் ஒரு நாள் உக்காந்து "இனிமே காலேஜ் வேணாம்"னு முடிவு பண்ணி நிக்கல. ஃபீஸ் கட்டல, அதனால ஆபீஸ் பக்கம் போகக் கூச்சம், அதனால ரெண்டு நாள் க்ளாஸுக்கு போகல, ரெண்டு நாள் ஒரு வாரம் ஆச்சு, ஒரு வாரம் ஆனதும் சார் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு இன்னும் பத்து நாள் போகல, கடைசில அட்டென்டன்ஸும் போச்சு பரீட்சையும் போச்சு. நானும் ஒரு செமஸ்டர் இப்படித்தான் காணாம போனேன். திரும்பி வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, முதல் நாளே போய் சொல்லிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, "நமக்கு மண்டைல ஏறல"ன்னு உங்களையே திட்டிக்கிறதுக்கு முன்னாடி இதக் கேளுங்க. 2013ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, தமிழ்நாட்டு கரும்பு விவசாயிங்க 464 பேர வச்சு பண்ணது, அறுவடைக்கு முன்னாடி கை காஞ்சு கிடக்குறப்ப ஒரு டெஸ்ட், அறுவடை முடிஞ்சு பணம் வந்ததும் அதே மாதிரி ஒரு டெஸ்ட். பணம் இல்லாத நேரத்துல சராசரியா கம்மியா வாங்கினவங்க பணம் வந்ததும் நல்லா பண்ணாங்க, ரெண்டு தடவையும் அதே ஆளுங்கதான். அறிவெல்லாம் அப்படியேதான் இருக்கு, கவலை வந்து மண்டைக்குள்ள இடத்தப் புடிச்சுக்குது. அதனால மண்டைக்குள்ள தூக்கிட்டு திரியுறத எல்லாம் முதல்ல பேப்பருக்கு இறக்குங்க.

ஒரே ஒரு பேப்பர் போதும். டிகிரிக்கு இன்னும் எத்தன பாடம் பாக்கி, அதுல அரியர் எத்தன, மொத்தம் எத்தன வருஷத்துக்குள்ள முடிச்சே ஆகணும்னு உங்க காலேஜ் ரூல் சொல்லுது (இது பல பேருக்கு தெரியவே தெரியாது, கடைசி வருஷம்தான் தேடுவாங்க), அட்டென்டன்ஸ் எவ்வளவு வேணும் இப்ப எவ்வளவு இருக்கு, ஃபீஸ் கடைசி தேதி, எக்ஸாம் ஃபீஸ் கடைசி தேதி, ஸ்காலர்ஷிப் புதுப்பிக்கிற தேதி. கடைசி தேதிக்கு பதினஞ்சு நாள் முன்னாடி ஒரு தேதி போட்டு அதையே உங்க கடைசி தேதியா வச்சுக்கோங்க, போன்லயும் அலாரம் வச்சுருங்க. இத எழுதி முடிச்சாலே நெஞ்சுல பாதி பாரம் குறையும், ஏன்னா பூதம் மாதிரி தெரிஞ்சது அஞ்சாறு வரியா சுருங்கிரும்.

ஃபீஸ் விஷயம். மொத்த வருஷத்துக்கும் எவ்வளவுன்னு நினைச்சு பயப்படாதீங்க, அடுத்த தேதிக்கு எவ்வளவு குறையுதுன்னு மட்டும் பாருங்க. பல நேரம் ஆள நிறுத்துறது பெரிய தொகை இல்ல, கடைசில மிச்சம் நிக்கிற சின்ன பாக்கிதான். அமெரிக்காவுல ஜார்ஜியா ஸ்டேட் யுனிவர்சிட்டில இதக் கண்டுபிடிச்சு 2011ல இருந்து ஒரு வேலை பண்ணாங்க, சின்ன பாக்கிக்காக க்ளாஸ் லிஸ்ட்ல இருந்து பேர எடுக்க இருந்த பசங்களோட பாக்கிய யுனிவர்சிட்டியே ஒரு சின்ன கிராண்ட் குடுத்து அடைச்சுது. உங்க காலேஜ்ல தானா வந்து யாரும் குடுக்க மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும், அதையும் தேதிக்கு முன்னாடியே கேக்கணும். "சார் கஷ்டமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா பாவம்னு சொல்லி அனுப்பிருவாங்க. "பாதி இன்னைக்கு கட்டுறேன் சார், மீதிய இந்த ரெண்டு தேதில கட்டுறேன், எக்ஸாம் எழுத விட்டா போதும்"னு கேட்டுப் பாருங்க, எதிர்ல இருக்குறவருக்கு சரின்னு சொல்ல ஒரு வழி கிடைக்கும். லெட்டரா எழுதிக் குடுங்க, ஒரு காப்பில சீல் வாங்கி வச்சுக்கோங்க. வாய்ப்பேச்ச நம்பி நின்னா அந்த ஆள் லீவுல போற அன்னைக்கு நீங்க நடுத்தெருவுல.

கடன் வாங்குனா ஒண்ணு மட்டும் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க, படிப்ப பாதியில விட்டா திருப்பிக் கட்டுறது எப்ப ஆரம்பிக்குதுன்னு. டிகிரி இல்லாம கடன் மட்டும் மிச்சமாகுறதுதான் இருக்குறதுலயே மோசமான நிலைமை.

வேலைக்கு போயிட்டே படிக்கிறவங்களுக்கு நேரம் கிடையாது, அதனால படிக்கிற விதத்த மாத்தணும். நோட்ட திரும்பத் திரும்ப வாசிக்கிறது சுகமா இருக்கும், ஆனா நிக்காது. 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் இத சோதிச்சு பாத்தாங்க, அஞ்சு நிமிஷத்துல கேட்டா திரும்ப வாசிச்சவங்க முன்னாடி இருந்தாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டா புஸ்தகத்த மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தவங்க முன்னாடி போயிட்டாங்க. பரீட்சை அஞ்சு நிமிஷத்துல வரப்போறதில்லையே. பஸ்ல நின்னுட்டே கூட பண்ணலாம், நேத்து நடத்துனதுல மூணு விஷயம் என்னன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க, வராதத மட்டும் ராத்திரி எடுத்துப் பாருங்க. தூக்கத்த வெட்டி படிக்கிறது ஒரு நாள் ரெண்டு நாள் ஓடும், அப்புறம் க்ளாஸ்ல கண்ணத் திறந்துட்டே தூங்குவோம், எனக்கு நல்லா அனுபவம் உண்டு.

இந்த எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமா படுறது, காலேஜுக்குள்ள ஒரே ஒரு ஆளுக்காவது உங்க நிலைமை தெரிஞ்சிருக்கணும். நியூயார்க் நகர யுனிவர்சிட்டில 2007ல அசாப்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, ஃபீஸ்ல குறையுறத குடுத்தாங்க, பஸ் ரயில் பாஸ் குடுத்தாங்க, புஸ்தகத்துக்கு உதவுனாங்க, கூடவே ஒரு ஆலோசகர அடிக்கடி போய் பாத்தே ஆகணும்னு வச்சாங்க. மூணு வருஷத்துல முடிச்சவங்க, திட்டத்துல இல்லாதவங்கள்ல நூத்துக்கு 22 பேர், இருந்தவங்கள்ல 40 பேர். நமக்கு பாஸ் குடுக்க ஆள் இல்லன்னாலும் அந்த ஆலோசகர நாமளே புடிச்சுக்கலாம். கண்டிப்பான மேடமா இருந்தாலும் பரவால்ல, சொன்ன டைமுக்கு வர்றவங்களா பாருங்க. "மேடம், ராத்திரி வேலைக்கு போறேன், முதல் பீரியட் சில நாள் லேட் ஆகும், நடத்துனத ஃப்ரெண்டுகிட்ட வாங்கி எழுதிருவேன், பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ உங்கள வந்து பாக்கட்டுமா"ன்னு கேளுங்க. வீட்டுக் கதை முழுசும் சொல்லணும்னு அவசியமே இல்ல.

நிஜமாவே தொடர முடியல, அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு, தம்பி தங்கச்சிய பாக்க ஆள் இல்லன்னா, அப்பவும் சும்மா நின்னுறாதீங்க. முறையா பிரேக் எடுக்க வழி இருக்கான்னு கேட்டு எழுதிக் குடுத்துட்டு போங்க, எப்ப திரும்பி சேரலாம், அதுக்கு என்ன பேப்பர் வேணும்னு அன்னைக்கே கேட்டு வாங்கிருங்க. எழுதிக் குடுத்துட்டு போனா திரும்பி வர்றது ஒரு ஃபார்ம், சொல்லாம போனா பெரிய போராட்டம். வாழவே பிடிக்கலங்குற அளவுக்கு மனசு போச்சுன்னா அன்னைக்கு படிப்பு ரெண்டாவது, உடனே நம்புற ஒருத்தர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ சொல்லிருங்க.

கடைசி செமஸ்டர்ல அசந்துறாதீங்க. லைப்ரரி பாக்கி, லேப் பாக்கி, ஹாஸ்டல் பாக்கி எதுவும் இல்லன்னு ஒவ்வொரு இடமா கையெழுத்து வாங்கணும், சர்டிபிகேட்டுக்கு தனியா அப்ளை பண்ணணுமான்னு கேக்கணும். கைல குடுத்ததும் போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி, அங்கயே கவுன்டர்ல நின்னு உங்க பேரும் இனிஷியலும் எழுத்து எழுத்தா சரியா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் வெளிய வாங்க.