சிறிய சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேனலின் பின்புறம் 100 வாட் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிக் கணக்குப் போடுவதில்தான் பெரும்பாலான ஏமாற்றம் தொடங்குகிறது. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலில் உள்ள சோலார் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்ற சோதனைச் சூழலில் அளந்த எண் அது. வெயில் ஏறினால் பேனலும் சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். நல்ல வெயிலில் 70, 80 வாட் வந்தால் பேனல் சரியாகவே வேலை செய்கிறது. அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

வாட்டையும் வாட்-மணியையும் குழப்பிக்கொள்வது அடுத்தது. ஒரு கருவி எவ்வளவு வேகத்தில் மின்சாரத்தை எடுக்கிறது என்பது வாட்; பேட்டரியில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது வாட்-மணி. 500 வாட்-மணி பேட்டரியில் 50 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடும் என்று தோன்றும். இன்வெர்ட்டரில் சுமார் 15 சதவீதம் இழப்பு ஏற்பட்டால் எட்டரை மணி நேரம்தான் கிடைக்கும். எதையும் மாட்டாமல் இன்வெர்ட்டரை ஆன் செய்து வைத்தாலும் அது சில வாட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கோ இதே பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. விளக்கு, மின்விசிறி, செல்போன், இணைய ரூட்டர் ஆகியவற்றுக்கு இந்த அமைப்பு அருமையானது; சூடாக்கும் கருவிகளுக்கு ஏற்றதல்ல.

நிழலைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் கிளை நிழல்கூட மொத்த உற்பத்தியையும் இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே பேனலை வைப்பதும் வீண். அதே நேரம் பேட்டரியை வெயிலில் வைக்கக் கூடாது. பேனல் வெயிலிலும் பேட்டரி நிழலிலும் இருக்கட்டும்.

தனித்தனியாக வாங்கி இணைப்பவர்கள், சார்ஜ் கன்ட்ரோலரில் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனல்தான் முதலில். 12 வோல்ட் பேனல் என்று விற்கப்படுவது சுமை இல்லாதபோது 22 வோல்ட் வரை காட்டும். இரண்டைத் தொடராக இணைத்தால் 44 வோல்ட், குளிரில் இன்னும் கூடும். கன்ட்ரோலரின் உச்ச வரம்பைப் பார்க்காமல் இணைத்தால் அது கருகிவிடும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். 12 வோல்ட்டில் 120 வாட் எடுத்தாலே 10 ஆம்பியர் பாயும், மெல்லிய ஒயர் சூடேறிவிடும்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. மின்வெட்டின்போது, இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் இன்வெர்ட்டரின் மின்சாரத்தைச் சுவர் சாக்கெட்டில் செலுத்தி வீடு முழுவதும் விளக்கெரிய வைக்கச் சிலர் முயல்கிறார்கள். கையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்கின் முனைகளிலேயே மின்சாரம் இருக்கும். மெயின் சுவிட்ச் அணைக்கப்படாவிட்டால், தெருக் கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரையும் அது தாக்கலாம். எந்த அவசரத்திலும் இதைச் செய்யாதீர்கள். கருவிகளின் பிளக்கை நேராக இன்வெர்ட்டரிலேயே செருகுங்கள். வீட்டு ஒயரிங்குடன் இணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மாற்றுச் சுவிட்ச் (தெரு மின்சாரம், இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுடன் இணைக்கும் சுவிட்ச்) பொருத்திய பிறகு இணையுங்கள்.