இஞ்சிச் செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

சர்க்கரை நோயாளியின் இதயத்தை இஞ்சி காக்கும் என்று அக்கா வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார். மருந்துக்கடை வைத்திருப்பதால் தீர்ப்பு என்னிடம்தான்.

முதலில், யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகள். அப்புறம் அளவு. எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்றிருந்தால் மனிதருக்கான அளவாக மாற்ற 6.2-ஆல் வகுங்கள், கிலோவுக்குச் சுமார் 32 மி.கி. வரும். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம். அதுவும் தூளா, செறிவான சாரமா? சாரம் என்றால் ஒரு டம்ளர் இஞ்சி டீயில் அந்த அளவு வரவே வராது.

பச்சை இஞ்சியில் ஜிஞ்ஜரால் என்ற காரப்பொருள் அதிகம். காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற வேறு பொருளாக மாறிவிடும். எதை வைத்துச் சோதித்தார்கள் என்று தேடுங்கள்.

மனிதர்களிடம் செய்த ஆய்வா? சரி, எதை அளந்தார்கள்? வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது வேறு, மாரடைப்பு குறைந்தது வேறு. இதைத்தான் தலைப்புகள் மழுப்பிவிடும்.

சமையலில் இஞ்சியைத் தாராளமாகச் சேர்க்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சி மாத்திரை பக்கம் போக வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம். அக்காவின் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை.