டிவியில் ஒரு துளை, வீட்டில் மூன்று கேம் கன்சோல்: எச்டிஎம்ஐ ஸ்விட்ச் வாங்கிப் பொருத்துவது எப்படி?

கும்பகோணத்திலோ மாயவரத்திலோ எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போய் "ஸ்விட்ச் பாக்ஸ் குடுங்கண்ணே" என்றால், சுவரில் பதிக்கிற பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். படத்தையும் ஒலியையும் ஒரே ஒயரில் கொண்டுபோகும் "எச்டிஎம்ஐ" என்று சேர்த்துச் சொன்னாலும் சில நேரம் ஸ்ப்ளிட்டர் கைக்கு வந்துவிடும். பார்க்க இரண்டும் ஒரே அச்சு, வேலை நேரெதிர். ஸ்ப்ளிட்டர் ஒரு கன்சோலின் படத்தைப் பல டிவிக்குப் பிரிக்கும். பல கன்சோலை ஒரே டிவிக்குள் விடுவது ஸ்விட்ச். பெட்டியில் 'இன்' மூன்று, 'அவுட்' ஒன்று என்று இருக்கிறதா பாருங்கள்.

1. பின்பக்கத்தைப் பாருங்கள்

டிவியிலும் கன்சோல்களிலும் என்னென்ன துளை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்5 (பிளேஸ்டேஷன்), எக்ஸ்பாக்ஸ் ஒன், 'நின்டெண்டோ ஸ்விட்ச்' என்ற கன்சோலை டிவியோடு இணைக்கும் டாக் எல்லாமே எச்டிஎம்ஐ. பிஎஸ்2-க்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஒயர். அது இந்தப் பெட்டியில் நுழையாது. டிவியில் ஏவி துளை இருந்தால் நேராக அதில் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். இதிலும் திசை மாறிய பொருள் அதே உருவத்தில் விற்கிறது, கவனம். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பெரும்பாலும் 'பால்' (PAL), 'என்டிஎஸ்சி' (NTSC) என்ற இரண்டு டிவி சிக்னல் முறைகள் பொருந்தாத கோளாறு. ஆள் குண்டாகத் தெரிந்தால் டிவியில் பட அளவை 4:3 என்று மாற்றுங்கள்.

2. எத்தனை கிகாபிட்?

அட்டையில் '4கே' என்று கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்பதுதான் கேள்வி. எச்டிஎம்ஐ-யின் 1.4 பதிப்பு வினாடிக்கு 10.2 கிகாபிட் தகவலைத் தாங்கும்; அதில் 4கே படம் 30 ஹெர்ட்ஸ்தான் வரும். 2.0 என்றால் 18 கிகாபிட், 4கே 60 ஹெர்ட்ஸ். 2.1 அதிகபட்சம் 48 கிகாபிட், 4கே 120 ஹெர்ட்ஸ்.

பிஎஸ்3, சாதாரண பிஎஸ்4, 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றும் 1080பி-யோடு (4கே-க்குக் கீழான முழு எச்டி) நின்றுவிடும். இவை மட்டும் இருக்கிற வீட்டுக்கு 1.4 பெட்டியே தாராளம். பிஎஸ்4 ப்ரோவோ பிஎஸ்5-ஓ இருந்து, டிவி 4கே 60 ஹெர்ட்ஸ் என்றால் 2.0 எடுங்கள். டிவி 120 ஹெர்ட்ஸ் இல்லாதபோது 2.1 பெட்டிக்குக் கொடுக்கிற காசு வீண். டிவியே 120 ஹெர்ட்ஸ் என்றால், '2.1' என்ற எண்ணோடு விடாமல் '48 கிகாபிட்' என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். படத்தைக் காப்பி எடுக்கவிடாமல் தடுக்கும் எச்டிசிபி 2.2 கட்டாயம் இருக்கட்டும். இல்லையென்றால் கன்சோலில் ஓடிடி தளத்தின் 4கே படம் வராது.

3. பட்டனா, ஆட்டோவா?

ஆட்டோ பெட்டி புதிதாக எந்தக் கன்சோல் விழிக்கிறதோ அதற்குத் தானே தாவும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓய்வு நிலையில் இருக்கும் கன்சோலும் செட்டாப் பாக்ஸும் எச்டிஎம்ஐ-யில் 5 வோல்ட்டை விடாமல் காட்டிக்கொண்டிருந்தால், பெட்டி குழம்பி ஆட்டத்தின் நடுவே வேறு பக்கம் தாவிவிடும். பட்டனும் ரிமோட்டும் உள்ளதாக, ஆட்டோவை அணைக்க வசதியுள்ளதாக எடுங்கள். 5 வோல்ட் அடாப்டர் போடும் துளையும் இருக்கட்டும். கரண்ட் தேவையில்லாத குட்டிப் பெட்டி 1080பி-க்கு ஓடும். 4கே-யில் படம் மினுக்கலாம்.

4. ஒயர்

கன்சோலிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து டிவி என இரண்டு ஒயரின் நீளமும் சேர்ந்துதான் கணக்கு. 4கே-க்கு ஒவ்வொன்றும் 2 மீட்டருக்குள் இருந்தால் தொல்லை குறைவு. மூன்று கன்சோலுக்கு நான்கு ஒயர். நான்காவதை மறந்துவிட்டு மறுபடி கடைக்கு ஓடுபவர்கள்தான் அதிகம்.

5. பொருத்துவது

எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் ஒயரில் கை வையுங்கள். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. டிவியின் பின்னால் இருக்கும் உலோகத்தில் விரல் பட்டால் சுர்ரென்று கூசினால், அது கசிவு மின்சாரம். அந்த நிலையில் கரண்ட் ஓடும்போதே ஒயரைச் செருகினால் எச்டிஎம்ஐ போர்ட் போய்விடலாம். முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

செட்டாப் பாக்ஸை இந்தப் பெட்டியில் சேர்க்காமல் இருப்பது நல்லது. தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் வழியாக ஐப்பசி, கார்த்திகை இடியில் மின்னல் உள்ளே இறங்கினால், பெட்டியில் இருக்கிற கன்சோல்கள் எல்லாம் அதே பாதையில்தான் நிற்கின்றன. டிவியில் இரண்டாவது துளை இருந்தால் செட்டாப் பாக்ஸை அதில் கொடுங்கள். இடி கேட்டால் கேபிளையும் பிளக்குகளையும் கழற்றுங்கள்.

முதலில் பெட்டியின் 'அவுட்'டை டிவியில் இணைத்து, அடுத்து கன்சோல்களை 'இன்'களில் கொடுத்து, கடைசியில் அடாப்டரைப் போடுங்கள். சவுண்ட்பார், டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் 'ஏஆர்சி' துளையில்தான் இருக்கவேண்டும்; பெட்டியில் போட்டால் பேசாது. டிவி அமைப்பில், பெட்டியைச் செருகிய துளைக்கு உயர்தர சிக்னலைத் திறந்துவிடுங்கள். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்' என்று இருக்கும். பிஎஸ்5-இல் 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால், உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ் போகிறது என்று தெரிந்துவிடும்.

6. படம் வரவில்லையா?

கன்சோலைப் பெட்டி இல்லாமல் நேராக டிவியில் போட்டுப் பாருங்கள். அதில் வந்தால் குறை ஒயரிலோ பெட்டியிலோ. நன்றாக ஓடும் ஒயரை மாற்றிப் போடுங்கள், பிறகு வேறு 'இன்'. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் முனைகள் மங்கிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் முனையைத் துடைத்து, முழுக்கக் காயவிட்டுச் செருகுங்கள். இடையிடையே திரை கறுத்து மீண்டால், தெளிவை 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். மினுக்கல் நின்றால் ஒயரோ பெட்டியோ அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்று பொருள். மெனுவே தெரியாத அளவுக்குக் கறுப்பு என்றால், பிஎஸ்4, பிஎஸ்5 எதுவானாலும் அணைத்துவிட்டு, இரண்டாவது பீப் கேட்கும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். கோளாறைச் சரிசெய்வதற்கான 'சேஃப் மோட்' மெனு வரும்; கன்ட்ரோலரை யுஎஸ்பி ஒயரில் இணைத்தால்தான் அங்கே வேலை செய்யும். அதில் இரண்டாவது வரியில் தெளிவை மாற்றலாம்.