கன்சாஸின் தலைசிறந்த பயிற்சியாளர் யார்? கணக்குப் போடும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் முதல் பயிற்சியாளர், அந்த ஆட்டத்தையே கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளர் அவர்தான். எண்ணை மட்டும் வைத்து ஆளை எடைபோட வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கன்சாஸின் தலைசிறந்த பயிற்சியாளர் அந்தக் காலத்து ஃபாக் ஆலனா, இந்தக் காலத்து பில் செல்ஃபா என்றுதான் இன்றைக்கு விவாதம் பெரும்பாலும் ஓடுகிறது. 2024 நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டைத் தோற்கடித்து 591ஆவது வெற்றியை எடுத்தார் செல்ஃப். ஆலனின் கணக்கு 590. அப்புறம் என்ன, முடிந்தது என்றார்கள் பலர். ஆனால் 1923இல் ஆலனின் அணி அந்த சீசன் முழுவதும் ஆடியதே 18 ஆட்டங்கள். அதில் 17 வெற்றி. 2008இல் செல்ஃபின் அணி ஆடியது 40. ஆலனுக்கு 39 சீசன் பிடித்ததை செல்ஃப் 22ஆவது சீசனிலேயே தாண்டியதற்குத் திறமை மட்டும் காரணமில்லை, ஆட்ட அட்டவணையும் காரணம்.

சரி, சதவீதம் பார்க்கலாமே என்பார்கள். ஆலன் சுமார் 73, செல்ஃப் சுமார் 80. இதிலும் ஒரு சிக்கல். இன்றைய பெரிய அணிகள் சீசன் தொடக்கத்தில் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்குக்கே வரவழைத்து ஆடுகின்றன. அந்த வெற்றிகளும் சதவீதத்தில் சேரும். இன்னொரு பக்கம், விதிமீறல் காரணமாக 2017-18 சீசனின் 15 வெற்றிகளை செல்ஃபின் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்த வெற்றிகள் நடக்காதவை ஆகிவிடுமா? இதில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் மாற்றினால் அது வக்காலத்து.

பெரிய சறுக்கல் கோப்பை எண்ணுவதில்தான். 2003 தேசிய இறுதிப் போட்டியில், செல்ஃபுக்கு முன் பயிற்சியாளராக இருந்த ராய் வில்லியம்ஸின் கன்சாஸ் சிராக்கியூஸிடம் 81-78 என்று தோற்றது. அன்று கன்சாஸுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காக, யாரும் தடுக்காமல் வீசக் கிடைக்கும் வாய்ப்பு) 30. உள்ளே போனது 12. தோல்வி மூன்று பாயின்ட். வில்லியம்ஸ் வட கரோலினாவுக்குப் போய்விட்டார். ஐந்து வருடம் கழித்து செல்ஃபின் அணி மெம்ஃபிஸுக்கு எதிராக 2008 தேசிய இறுதிப் போட்டியில், இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒன்பது பாயின்ட் பின்தங்கி நின்றது. இப்போது ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டது எதிரணி. 2.1 வினாடி மிச்சமிருக்க மாரியோ சால்மர்ஸ் வீசிய மூன்று பாயின்ட் பந்து உள்ளே விழுந்து, ஆட்டம் ஓவர்டைமுக்குப் போய், கோப்பை கன்சாஸுக்கு வந்தது. வில்லியம்ஸ் கன்சாஸில் 15 சீசன்களில் 418 வெற்றி, 101 தோல்வி. செல்ஃபின் சதவீதமும் ஏறக்குறைய அதுதான். ஆனாலும் ‘கோப்பை இல்லாதவர்’ என்று ஒருவரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுகிறோம். ஃப்ரீ த்ரோ கோட்டில் பயிற்சியாளர் போய் நிற்பதில்லை.

அதற்காகக் கோப்பையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 இறுதியில் இடைவேளையின்போது 15 பாயின்ட் பின்தங்கியிருந்த அணியைத் திருப்பிக்கொண்டு வந்தாரே செல்ஃப், அது பயிற்சியாளரின் வேலை. பத்து, பன்னிரண்டு என்று போய் 14 சீசன்கள் தொடர்ந்து பிக் 12 (கன்சாஸ் ஆடும் கல்லூரி லீக்) பட்டம் எடுத்தாரே, அதற்கு அதிர்ஷ்டம் போதாது.

ஆலனின் கோப்பைகளை எண்ணும்போது இரண்டு பக்கமும் தப்பு செய்கிறார்கள். 1922, 1923 பட்டங்கள் பல ஆண்டுகள் கழித்து ஹெல்ம்ஸ் அமைப்பு பின்னோக்கிப் பார்த்துக் கொடுத்தவை. அவற்றை 1952இல் களத்தில் வென்ற என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) கோப்பையோடு கூட்டி மூன்று என்பது மிகை. ஒன்றுதானே என்பதும் நியாயமில்லை, ஏனென்றால் என்சிஏஏ போட்டியே 1939இல்தான் தொடங்கியது, அதுவும் எட்டே அணிகளோடு. பின்னாளில் பெரிய நட்சத்திரமான வில்ட் சேம்பர்லினைக் கன்சாஸுக்கு இழுத்து வந்தவர் ஆலன். 70 வயது ஓய்வு விதியால் 1956இல் வெளியே போனார். வில்ட் முதன்மை அணியில் ஆடியது ஆலனுக்கு அடுத்து வந்த பயிற்சியாளர் டிக் ஹார்ப்பின் கீழ். மறு வருடம் இறுதிப் போட்டியில் மூன்று ஓவர்டைமுக்குப் பிறகு ஒரே ஒரு பாயின்டில் தோல்வி.

சீடர்களின் கோப்பைகளையும் குருவின் கணக்கில் சேர்க்கும் பழக்கம் வேறு இருக்கிறது. பின்னாளில் பெரிய பயிற்சியாளர்களான அடால்ஃப் ரப்பும் டீன் ஸ்மித்தும் ஆலனிடம் ஆடியவர்கள்தான். ஆனால் அந்த வழியில் போனால் ஆலனே நெய்ஸ்மித்தின் சீடர், மொத்தமும் அவர் கணக்கில்தான் வந்து விழும்.

என் ஓட்டு ஆலனுக்கு. வெற்றிக் கணக்கால் அல்ல. 1927இல் பயிற்சியாளர்கள் சங்கம் உருவாகப் பாடுபட்டவர் அவர். 1939 போட்டியை நடத்தியது அந்தச் சங்கம்தான். கூடைப்பந்து 1936 ஒலிம்பிக்கில் இடம்பெற்றதிலும் அவர் உழைப்பு உண்டு. செல்ஃபை அளக்க நாம் எடுக்கும் முழக்கோலில் பாதி ஆலன் செய்துவைத்தது.

ஆலன் பயிற்சியாளராகக் கிளம்பியபோது, ‘இது சொல்லிக்கொடுக்கிற ஆட்டமில்லை, சும்மா ஆடுகிற ஆட்டம்’ என்று நெய்ஸ்மித் சொன்னதாக ஒரு கதை உண்டு. பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் நகரில் இன்று அரங்கத்துக்கு ஆலன் பெயர். அதற்குள் இருக்கும் ஆடுகளத்துக்கு நெய்ஸ்மித் பெயர்.