டர்பனில் வீட்டு அலாரத்தை இணையத்துக்கு மாற்றுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாடகைக்கு வீடு பிடித்தவர்கள் முதல் நாளே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கீபேட் இருக்கும், கேட்டில் ஏதோ ஒரு பாதுகாப்புக் கம்பெனியின் பலகை தொங்கும். இங்கே அலாரம் என்பது சத்தம் போடுகிற மணி மட்டும் இல்லை. அது அடித்தால் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமுக்குச் சேதி போகும். அவர்கள் போன் செய்து விசாரிப்பார்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் துப்பாக்கியோடு ஆள் வண்டியில் வருவார். இதைத்தான் ‘ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ்’ என்கிறார்கள். போலீசுக்கு 10111 தனியாக இருக்கிறது. ஆனால் இங்குள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் அலாரம் அடித்தால் பெரும்பாலோர் முதலில் எதிர்பார்ப்பது கம்பெனி வண்டியைத்தான்.

அந்தச் சேதி போகிற வழிதான் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பழைய வீடுகளில் டெல்காம் என்கிற டெலிபோன் கம்பெனியின் செம்புக் கம்பி டெலிபோன் லைன் வழியாகப் போகும், இல்லையென்றால் கம்பெனியே பொருத்திய ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வழியாகப் போகும். செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்ட தெருக்களில் ஒரு கோளாறு சத்தமில்லாமல் நடக்கும். அலாரம் பேனல், அதாவது அலாரத்தின் மூளையான பெட்டி, டெலிபோனில் ஒலிக் குறிகளாகத்தான் சேதி அனுப்பும். அதே நம்பரை ஃபைபர் போனுக்கு மாற்றினால் பேச்சு நன்றாகவே கேட்கும், ஆனால் அந்த ஒலிக் குறிகள் வழியில் சிதைந்து போகலாம். வீட்டில் சைரன் வழக்கம்போல அலறும், கண்ட்ரோல் ரூமுக்கு எதுவும் போயிருக்காது. முன்பு குடியிருந்தவர் இப்படி விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதனால் வீட்டு உரிமையாளர் “அலாரம் வேலை செய்கிறது” என்று சொன்னால், சேதி எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்.

ரேடியோ பெட்டி பழைய சரக்கு என்று அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். உங்கள் ஃபைபரையோ செல்போன் டவரையோ நம்பி அது இல்லை. அதன் குறை வேறு. பெரும்பாலும் அது ஒருவழிப் பாதை, ‘நான் இருக்கிறேன்’ என்று நாளுக்கு ஒரு தடவை சொல்வதுதான் பல பெட்டிகளின் வழக்கம். சொன்ன ஐந்தாவது நிமிடம் பழுதானால் மறுநாள்தான் தெரியவரும். இணைய மாடியூல், அதாவது பேனலின் சேதியை இணையம் வழியாக அனுப்பும் பெட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை, சில அமைப்புகளில் அதைவிட அடிக்கடி, தலைகாட்டும். தொடர்பு அறுந்தால் கண்ட்ரோல் ரூமுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். மாறுவதற்கு நல்ல காரணம் இதுதான், போனில் தெரிகிற அழகான ஆப் அல்ல.

விற்க வருகிறவர் ஆப்பைத்தான் காட்டுவார். அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் துபாய் வழியாக ஊருக்குப் பறந்துகொண்டிருக்கும்போது போனுக்கு வருகிற எச்சரிக்கையால் என்ன பயன்? “சேதி நேராகக் கண்ட்ரோல் ரூமுக்குப் போகுமா, என் போனுக்கு மட்டும் வருமா?” என்று நேரடியாகக் கேளுங்கள். போனுக்கு மட்டும் என்றால் காவல்காரர் நீங்கள்தான்.

அப்புறம் கரண்ட். இந்த நாட்டில் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, எந்த அளவுக்குப் போகும் என்பதை 2023 காட்டியது. இப்போது அது குறைந்திருந்தாலும் கேபிள் திருட்டு, புயல், மழை என்று கரண்ட் போகக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பன்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும், அதனால் கரண்ட் போனாலும் பேனல் விழித்திருக்கும். ஆனால் ரவுட்டருக்கும், சுவரில் இருக்கும் சின்ன ஃபைபர் பெட்டிக்கும் பேட்டரி கிடையாது. கரண்ட் போன நொடியே அலாரத்துக்கு வாய் கட்டிப் போகும். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். ஒன்றுக்கு மட்டும் வாங்கி என்ன பயன்?

மாடியூலில் சிம் போடுகிற வசதியும் இருக்கட்டும். ஃபைபர் அறுந்தால் சேதி சிம் வழியாகப் போகும். ஒருவேளை அந்த கம்பெனி ரேடியோவையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் கரண்ட் நீண்ட நேரம் போனால் செல்போன் டவர்களின் பேட்டரியும் தீர்ந்துவிடும். பேனல் பேட்டரி இரண்டு மூன்று வருடங்களில் சோர்ந்துவிடும், அடிக்கடி கரண்ட் போனால் அதற்கு முன்னாலேயே. மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். லித்தியம் பேட்டரி போடலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் பேனலின் சார்ஜர் அதற்கு ஒத்துவருமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அலாரம் வேலைக்கு வருகிறவர் பிஎஸ்ஐஆர்ஏ (தனியார் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு அட்டை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இங்கே பாதுகாப்புத் தொழிலில் இருப்பவர்கள் அந்த அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். முடித்துப் போகும் முன் ‘இன்ஸ்டாலர் கோட்’ என்கிற, பேனலின் அமைப்புகளை மாற்றும் ரகசிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நாளைக்கு கம்பெனி மாறும்போது பேனல் பூட்டியே கிடக்கும். பழைய குடித்தனக்காரரின் ரகசிய எண்களை அழித்துவிடுங்கள், ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக 24 மாதத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது, நடுவில் விலக வேண்டும் என்றால் 20 வேலை நாள் முன்னறிவிப்பு போதும். ஆனால் நியாயமான அளவு அபராதம் கேட்கலாம். வீட்டுப் பொருள்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியைப் படியுங்கள். ஆர்ம்ட் ரெஸ்பான்ஸோடு இணைந்த அலாரம் வேண்டும், வெளியே போகும்போது அதைப் போட்டிருக்க வேண்டும் என்று பல பாலிசிகள் நிபந்தனை வைக்கின்றன. வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, மாற்றியாகிவிட்டது. சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து உங்கள் அலாரத்தைச் சோதனை நிலையில் (டெஸ்ட்) போடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கதவையும் திறந்து, ஒவ்வொரு சென்சாருக்கும் முன்னால் நடந்து பாருங்கள். அவர்கள் திரையில் என்ன தெரிகிறது என்று படிக்கச் சொல்லுங்கள். ‘சமையலறை’ என்று எழுதியிருப்பது உண்மையில் கராஜாக இருக்கும்! ஆபத்தில் உதவி கேட்க அழுத்துகிற பேனிக் பட்டனையும் அழுத்துங்கள். பிறகு ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஒரு கதவைத் திறந்து பாருங்கள். கடைசியாக டிபி போர்டில் (வீட்டு மின் சுவிட்ச் பெட்டி) மெயினை அணைத்துவிட்டு இன்னொரு தடவை. இத்தனைக்கும் சேதி போனால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

டர்பனில் தோட்டத்து சென்சாரை அதிகம் தட்டி எழுப்புவது திருடன் இல்லை, வெர்வெட் குரங்கு. அடுத்து பல்லி. கூரைக்கு வருகிற கிளைகளை வெட்டிவிடுங்கள், இரண்டு பீம்களும் (கண்ணுக்குத் தெரியாத கதிர்கள்) ஒரே நேரத்தில் மறிக்கப்பட்டால் மட்டும் அடிக்கிற சென்சார் வகையைக் கேளுங்கள். பூஜை விளக்கு எரிகிற மூலையை, சூட்டை உணர்கிற உள் சென்சார் நேராகப் பார்க்காமல் இருக்கட்டும்.

கண்ட்ரோல் ரூம் போன் செய்யும்போது கடவுச்சொல் கேட்பார்கள். குலதெய்வத்தின் முழுப் பெயரை வைத்துவிட்டு, அர்த்த ராத்திரியில் ஜூலுக்காரப் பெண்ணிடம் எழுத்துக் கூட்டிச் சொல்லித் திண்டாடாதீர்கள். சின்னதாக, எல்லோர் வாயிலும் நுழைகிற சொல்லாக இருக்கட்டும். கத்தியைக் காட்டி உங்களைப் பேசவைத்தால் சொல்வதற்கு வேறொரு ரகசியச் சொல்லும் உண்டு, அதையும் கேட்டு வையுங்கள். தொடர்பு எண்களில் இந்திய நம்பரை முதலில் கொடுக்க வேண்டாம். நீங்கள் ஊருக்குப் போகும் மாதத்தில், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஆண்ட்டியின் நம்பரே முதலில் இருக்கட்டும். அதை ஆண்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.