படத்தில் வந்த காதல் நிஜமா? நான் பார்க்கும் விதம்

வாழ்க்கை வரலாற்றுப் படம் பார்த்துவிட்டு வந்தால், டிக்கெட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போடுவேன். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இருவரும் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்வேன். பாதிக் காதல் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும்.

'பிரேவ்ஹார்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் போராளி வில்லியம் வாலஸுக்கும், இங்கிலாந்து இளவரசரின் மனைவியாக வரும் இளவரசி இசபெல்லாவுக்கும் காதல், அவள் வயிற்றில் அவன் பிள்ளை. வாலஸ் தூக்கிலிடப்பட்டது 1305 ஆகஸ்ட். இசபெல்லாவுக்கு அப்போது பத்து வயது இருந்தால் அதிகம், இருந்ததோ பிரான்ஸில். கல்யாணமாகி இங்கிலாந்துக்கு வந்தது 1308. மகன் மூன்றாம் எட்வர்ட் பிறந்தது 1312. சரி, ஏழு வருடக் கர்ப்பமா!

கோடுகள் ஒன்றையொன்று தொட்டாலும் விடாதீர்கள், வயதையும் பாருங்கள். கணித மேதை ராமானுஜன் பற்றிய படத்தில் அவர் மனைவி ஜானகி வளர்ந்த பெண்ணாக வருகிறார். 1909-ல் திருமணம் நடந்தபோது அவருக்குப் பத்து வயது; 1914-ல் கணவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது பதினைந்துகூட நிரம்பவில்லை.

அப்புறம், சினிமாத்தனமாக இருப்பதெல்லாம் பொய் என்றும் முடிவு கட்ட வேண்டாம். அதே படத்தில் கணவன் மனைவிக்கு இடையிலான கடிதங்களை மாமியார் மறைப்பதைப் பார்த்து, இது சீரியல் சமாச்சாரம் என்று சிரித்தேன். வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் அது அங்கே இருக்கிறது. கல்யாணம், பிறப்பு, பயணம் மூன்றுக்கும் தேதி தேடுங்கள். வசனத்துக்குத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது எப்படியும் எழுதியவருடையதுதான்.